பந்தியில் விடுபட்டவர்கள்: சபையார் ஒருவரையொருவர் தாங்குவதற்கான ஒழுங்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



சபை மக்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கலாம் என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அன்பு குறைந்துவிட்டது என்று வருந்தி, அன்புகூருங்கள் என்று கேட்டு முடிப்பார்கள். நம் சபைகளில் அன்பு குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடக்க ஆராதனைக்கு ஊரே திரண்டு வருகிறது. அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டையும் ஆடும் கேட்பதற்கு முன்பே வந்து சேருகின்றன. அதே சபையில், அடக்கம் முடிந்த மூன்றாம் மாதம் அந்த வீட்டு அம்மா பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்காகக் கம்மலை அடகு வைத்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்திருந்தால் பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னாருடைய வேலை என்று அந்தச் சபையில் எவரும் குறித்து வைக்கவில்லை. ஆகவே இன்று நான் வாதிடப்போவது ஒன்றுதான்: சபையில் பராமரிப்பு தவறுகிற இடத்தில் பெரும்பாலும் குறைவுபட்டிருப்பது அன்பு அன்று, ஒழுங்கு. யார் கவனிப்பது, யாரைக் கவனிப்பது, யாருக்குக் கணக்குச் சொல்வது என்ற மூன்றும் தீர்மானிக்கப்படாத சபையில், நல்ல மனம் படைத்தவர்கள் நிறைந்திருந்தும் சிலர் விடுபட்டுப் போவார்கள்.

1. எருசலேமில் எழுந்த முறுமுறுப்பு

அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகின்றன. விசுவாசிகள் நிலத்தையும் வீட்டையும் விற்றார்கள், எல்லாவற்றையும் பொதுவாக அனுபவித்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் குறைவில்லை. ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தை நாம் அவ்வளவாக நின்று வாசிப்பதில்லை. அதே சபையில், அவ்வளவு அன்பு பெருகியிருந்த நாட்களிலேயே, அன்றாடப் பந்தியில் சில விதவைகள் விடுபட்டார்கள். அவர்கள் கிரேக்க மொழி பேசிய யூதர்கள்; எருசலேமின் உள்ளூர் மக்கள் பேசிய மொழி அவர்கள் மொழி அன்று. அவர்களை வேண்டுமென்றே ஒதுக்கியதாக அந்த நூலின் ஆசிரியர் லூக்கா எழுதவில்லை. கூட்டம் பெருகியது, அப்போது இது நேர்ந்தது என்று காலத்தை மட்டும் குறிக்கிறார். உள்ளூர் விதவையைப் பந்தி பரிமாறுகிறவருக்கு முகம் தெரியும், உறவு தெரியும், இன்று வரவில்லை என்பதும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து, கணவனை இழந்து, வேறு மொழி பேசிக்கொண்டு ஓர் ஓரத்தில் இருப்பவள் வரவில்லை என்பது எவர் கண்ணிலும் படாது.

அப்போஸ்தலர்கள் அடுத்துச் செய்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். குறை சொன்னவர்களை அவர்கள் அடக்கவில்லை. இன்னும் அதிகமாக அன்புகூருங்கள் என்று சபைக்குப் புத்தி சொல்லவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு இருக்க வேண்டிய தகுதிகளையும் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். யூதர்கள் பலர் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்ட காலம் அது என்பதால், பெயரை மட்டும் வைத்து ஏழு பேரும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று அறுதியிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஏழிலும் ஏழு கிரேக்கப் பெயராக இருப்பது தற்செயல் என்று கொள்வது கடினம். விடுபட்டவர்களின் நிலையை உள்ளிருந்து அறிந்தவர்களிடமே முழுச் சபையின் பந்திப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது என்றே நான் வாசிக்கிறேன். நம் கமிட்டிகளில் ஏழைகள் நிதியைப் பற்றி முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

2. பெட்டியும் பட்டியலும்

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், ஞாயிறு ஆராதனை எப்படி நடந்தது என்று எழுதியிருக்கிறார். நற்கருணை முடிந்ததும் வர இயலாதவர்களுக்கு அதன் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். சேர்ந்த காணிக்கை சபைத் தலைவரிடம் வைக்கப்பட்டது. அவர் அதைக் கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோரைப் பராமரித்தார். சுமார் 197 ஆம் ஆண்டில் கார்த்தேஜிலிருந்து எழுதிய தெர்த்துல்லியன், மாதந்தோறும் அவரவர் விருப்பப்படி பணம் போடும் ஒரு பெட்டி இருந்ததையும் அது எதற்கெல்லாம் செலவானது என்பதையும் சொல்கிறார்: ஏழைகளை அடக்கம் செய்ய, பெற்றோரில்லாப் பிள்ளைகளை வளர்க்க, வேலை செய்ய முடியாத முதியவர்களைக் காக்க, கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கு உதவ, விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் கிடந்தவர்களைத் தாங்க. 251 இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் அந்தச் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் போஷித்ததாகக் கூறுகிறது. பெயரெழுதி வைக்காத சபை அந்த எண்ணைச் சொல்லியிருக்க முடியாது.

பட்டியல் என்றால் வரம்பும் உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், பட்டியலில் சேர்க்கப்படும் விதவைக்கு 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் முதலில் அவர்களே பராமரிக்கட்டும் என்கிறது. இதைக் கடுமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. உறவினர் இருந்தும் கைவிடப்பட்டவர்களின் சுமையையெல்லாம் சபை ஏற்றுக்கொண்டால், ஒருவருமே இல்லாதவளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். பவுலும், எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியே எடுத்துப் போகாமல், சபைகள் நியமித்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார். பணத்தைக் குறித்து எவரும் தம்மேல் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று அவர் கவலைப்பட்டது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தெளிவாக இருக்கிறது.

3. பிரிஸ்டலில் ஒரு பென்னிக் காசு

ஒழுங்கு அன்பை வளர்த்ததற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, பராமரிப்பைப் பற்றி எவரும் நினைக்காமலே தொடங்கிய ஒரு ஏற்பாடு. 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்டுகள் கூடினார்கள். பேசவேண்டியிருந்தது கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடனைத் தீர்த்துவிடலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பலருக்கு அதுவும் முடியாதே என்றார் ஒருவர். அப்படியானால் மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் நான் போய்க் கேட்கிறேன், கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும், முடியாதவர்களுக்கு நான் போட்டுவிடுகிறேன் என்றார் ஃபாய். மற்றவர்களும் அப்படியே பதினொரு பேரை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். சபை பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்தது. காசு கேட்டு வீடு வீடாகப் போனவர்கள் காசை மட்டும் கொண்டு வரவில்லை. ஒரு வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை, வேறொரு வீட்டில் காய்ச்சல் என்று செய்தியும் வந்தது. தான் நெடுநாளாகத் தேடியது இதுதான் என்று மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லி உணர்ந்தார். வகுப்புக் கூட்டம் என்று பின்னர் பெயர் பெற்ற அமைப்பு அங்கே பிறந்தது.

இதில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். ஒன்று, தலைவர் ஆனவர்கள் குருக்கள் அல்லர். அதே சபையின் சாதாரண மக்கள். மற்றொன்று, ஏற்பாட்டைப் பிடிவாதமாக அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போவதில் சிக்கல் இருப்பது சீக்கிரமே தெரிந்தது. பிறர் வீட்டில் தங்கி வேலை செய்தவர்களை எஜமானர்களுக்கு எதிரில் வைத்து எப்படி மனம் திறந்து பேச வைப்பது? ஆகவே வாரம் ஒரு முறை பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடுவது என்று மாற்றினார்கள். எளியவரின் மானத்தைக் காப்பதற்காக ஒரு ஏற்பாடு மாற்றப்பட்டது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கக் குடும்பங்கள் முப்பது போலச் சேர்ந்து வீடுகளில் கூடும் அன்பியங்களுக்கும் இதே வலிமை உண்டு. கோவிலில் ஆயிரம் பேருக்கு நடுவே ஒருவர் இல்லாதது தெரியாது. முப்பது வீட்டில் ஒரு வீடு கதவடைத்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் அன்பியக் கூட்டம் ஜெபமாலையும் வாசகமுமாக முடிந்து, இன்று வராதவர் யார் என்ற கேள்வி எழாமலே கலைந்தால், அந்த வலிமை வீணாகிறது.

4. நெல்லைச் சீமையின் அனுபவம்

நம் மண்ணுக்கு வருவோம். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலியின் தேரிக்காட்டுப் பகுதியில் கிறிஸ்தவர்களானவர்கள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். வீடும் வயலும் பிறர் கையில் இருந்தபோது விசுவாசமும் பிறர் தயவில்தான் நின்றது. உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் நிலம் வாங்கி, 1799 இல் முதலூர் என்ற குடியிருப்பு உருவாயிற்று. 1830 இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தொடங்கிய தர்ம சங்கம் இதையே ஒரு நிலையான ஏற்பாடாக்கியது. சங்கம் நிலத்தை வாங்கியது, துரத்தப்பட்ட குடும்பங்கள் அதில் குடியேறின. தனிப்பட்ட தருமவான் ஒருவர் இறந்தால் அவருடைய தருமமும் நின்றுபோகும். சங்கத்தின் பெயரில் இருந்த நிலம் நின்றது. தர்ம சங்கம் என்ற பெயரிலேயே தருமமும் சங்கமும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் இன்று தளரவிட்டிருக்கிறோம்.

இதைவிட எளியதும், என் எண்ணத்தில் இதைவிட ஆழமானதும் பிடியரிசி. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் இடுவது, வாரக் கடைசியில் பெண்கள் அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவது. மிசோரம் சபைகளில் 1910 இல் தொடங்கிய இதே வழக்கம் இன்று வரை அங்குச் சபை வருமானத்தின் பெரிய ஊற்றாக இருக்கிறது. நான் இங்குச் சுட்ட விரும்புவது தொகையை அன்று. பிடியரிசி எடுத்துவைக்க முடியாத ஏழை வீடு எதுவும் இல்லை. கணவனை இழந்தவளும் ஒரு பிடி எடுத்து வைக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கே சபையிலிருந்து அரிசி வரும்போது, தான் போட்ட பானையிலிருந்து வருவதாகவே அதை வாங்குகிறாள். கொடுக்கிற கூட்டம் ஒன்று, வாங்குகிற கூட்டம் வேறொன்று என்று சபை இரண்டாகப் பிரிந்தால், வாங்குகிறவர்கள் நாளடைவில் ஆராதனைக்கு வரவே கூசுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பீடத்துக்கு முன் வரிசையில் நிறுத்தி, பெயர் வாசித்து, புடவை கொடுத்து, புகைப்படமும் எடுக்கிற சபைகள் பல. அந்தப் புகைப்படம் எதற்கு? எருசலேமில் விதவைகளைப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள்; வரிசையில் நிறுத்தவில்லை.

5. எதிர்வாதங்கள்

ஒழுங்கு வந்தால் அன்பு போய்விடும், பராமரிப்பு அலுவலக வேலையாகிவிடும் என்பார்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. படிவம் நிரப்பச் சொல்லி ஏழையை அலையவிடும் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒழுங்கில்லாத அன்பு யாரிடம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். தெரிந்தவர்களிடம், பேசத் தெரிந்தவர்களிடம், அழத் தெரிந்தவர்களிடம். வாய்விட்டுக் கேட்காதவர் அதன் கணக்கில் வருவதே இல்லை. கேட்காதவரைத் தேடிப்போகச் செய்வது முறைவைத்த சந்திப்பு ஒன்றுதான்.

இதெல்லாம் ஐயருடைய வேலை அல்லவா என்பது அடுத்தது. பல கிராமச் சபைகளைக் கொண்ட ஒரு சேகரத்தில் ஒரே குரு திருமணம், ஞானஸ்நானம், அடக்கம், பள்ளி நிர்வாகம், வழக்கு எல்லாவற்றையும் சுமக்கிறார். ஒவ்வொரு வீட்டையும் அவரே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. பாரத்தைத் தனியே சுமக்காமல் பிறரோடு பகிர்ந்துகொள் என்று மோசேயிடம் அவர் மாமன் எத்திரோ சொன்னதும், பந்தி விசாரணையை ஏழு பேரிடம் விட்ட அப்போஸ்தலர்கள் செய்ததும் இதைத்தான் காட்டுகின்றன.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. ஒருவர் வீட்டுக் கஷ்டம் நாலு பேருக்குத் தெரிந்தால் ஊர்ப்பேச்சாகிவிடும் என்கிறார்கள். உண்மை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணின் குடும்பச் சண்டை ஜெபக்கூட்டத்தில் சொல்லப்பட்டு, அன்று மாலைக்குள் தெருவெல்லாம் பரவுவது நடக்கிறது. அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அந்தச் சபையில் எவரும் பிறகு வாய் திறக்கமாட்டார்கள். 1833 இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கி, இன்று நம் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை இதற்கு ஒரு வழியை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது. இருவர் இருவராகப் போவது, வீட்டில் கண்டதை வெளியே சொல்லாமல் காப்பது. எல்லாச் சபைகளும் எடுத்துக்கொள்ளக்கூடிய விதி இது. ரகசியம் காக்கத் தெரியாதவர் எவ்வளவு உருக்கமாக ஜெபிப்பவராயிருந்தாலும் இந்தப் பணிக்கு ஏற்றவர் அல்லர்.

நான்காவதை நாம் சங்கடத்தோடாவது பேசியாக வேண்டும். ஒருவரையொருவர் தாங்குதல் என்று நாம் சொல்வது பல இடங்களில் சாதிக்காரர் சாதிக்காரரைத் தாங்குவதாகவே இருக்கிறது. 1833 இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910 இல் இடிக்கப்பட்டது. ஆயினும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் தனித்தனியே இருக்கிறது. சொந்தபந்தம் உள்ளவனுக்குச் சபை இல்லாவிட்டாலும் சொந்தம் உதவும். சபையின் பராமரிப்பு மெய்யா என்பதை அந்த ஊரில் ஒரு சொந்தமும் இல்லாதவரிடம்தான் கேட்டறிய வேண்டும். கிறிஸ்தவர்களை விரும்பாத பேரரசர் ஜூலியன் 362 இல் தம் பூசாரி ஒருவருக்கு எழுதும்போது, அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். எதிரி வாயிலிருந்து வந்த அந்தச் சான்று இன்றைய நம் சபைகளுக்கும் கிடைக்குமா?

அரசு மருத்துவக் காப்பீடும் முதியோர் உதவித்தொகையும் கொடுக்கிறதே, சபைக்கு இனி என்ன வேலை என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். திட்டம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்குக் கூடவே போக ஆள் இல்லாததால் பலருக்கு அது எட்டுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, தெற்குச் சீமை வீடுகளில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் வருகிறது. இரவில் நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆள் இல்லை.

6. செய்யக்கூடியவை

நூறு குடும்பமுள்ள சபைக்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. பத்து வீட்டுக்கு இருவர் என்று குறித்தால் இருபது பேர் போதும்; அவர்களில் பாதிப்பேர் பெண்களாகவும், கஷ்டப்பட்டு அறிந்தவர்களாகவும் இருப்பது நல்லது. அடக்கம் நடந்த வீட்டை முதல் வாரத்தோடு விட்டுவிடாமல் ஓராண்டு மறவாதிருப்பது அவர்கள் பொறுப்பு. மருத்துவமனையில் கிடப்பவருக்கு இரவுத் துணைக்கு முறைவைக்கலாம்; பழங்கொடுத்து ஜெபித்துவிட்டு வருவதைவிட அது பெரிய உதவி. ஊனமுற்ற பிள்ளையை வளர்க்கும் தாய் ஒருநாள் வெளியே போய்வர, அந்தப் பிள்ளையோடு இருக்க ஒருவர் வேண்டும். குடியிலிருந்து மீள முயல்கிறவனுக்குப் பிரசங்கத்தைவிட, மாலை ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போகும் நண்பன் தேவை. கந்துவட்டியைத் தடுக்க 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆயினும் அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் கிடைக்க வழியில்லாதவன் வட்டிக்காரன் வாசலுக்கே போகிறான். சிறுகடன் நிதி ஒன்றைச் சபைகள் வைத்திருக்கலாம். பெயர் சொல்லாமல், எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பிற்று என்று ஆண்டுக் கணக்கோடு சேர்த்து அதையும் வாசிக்க வேண்டும்.

உங்கள் சேகரக் கமிட்டியோ பங்குப் பேரவையோ அடுத்த முறை கூடும்போது, கோபுர வேலையின் வரவு செலவு வாசித்து முடிந்ததும் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த மூன்று மாதமாக ஆராதனைக்கு வராதவர்களின் பெயர்கள் யாரிடம் இருக்கின்றன? ஒருவரிடமும் இல்லையென்றால், அந்த வீடுகளுக்குப் போக இருவரை அங்கேயே நியமியுங்கள். கூட்டத்தை முடிக்கும் ஜெபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.